பந்தலில் தொங்கிய வெர்ஷன்கள்

சேக் பரீத் அண்ணன் எந்தப் பொருளைக் கையில் வாங்கினாலும் முதலில் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பார். பிஸ்கட் பாக்கெட், பஸ் டிக்கெட், இருமல் மருந்து, கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் சரி. முன்பக்கம் பெரிதாக எழுதியிருப்பதை அவர் கண்டுகொள்வதே இல்லை. பின்பக்கம் எறும்பு ஊர்வதுபோல எழுதியிருப்பதை உதடு அசையப் படித்து முடித்த பிறகுதான் பிரிப்பார். ஆறு வருஷமாக இதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்ப்பது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும். பேசச் சொன்னால் உள்ளங்கை வேர்த்துவிடும்.

அவருடைய மனைவி ஹுஸ்னா ஒருநாள் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். அண்ணன் ஊறுகாய்ப் பொட்டலத்தைத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கே இப்பிடி அதிசயமாப் பாக்குறீக. நிக்காஹ் புஸ்தகத்தையே மூணு தடவ படிச்சாக. கையெழுத்துப் போடறதுக்குள்ள பிரியாணி ஆறிப்போச்சு. மாப்பிள்ளைக்கு மனசில்லையோன்னு எங்க அத்தா பயந்து போனாக" என்றார் என்னிடம்.

"ஒரு எடத்துல வருஷம் தப்பா இருந்துச்சு" என்றார் அண்ணன், பொட்டலத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பட்டறை உத்தமபாளையத்தில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. முதலாளி ராஜா முகம்மது, பரீத் அண்ணனுக்குத் தாய்மாமன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே ஸ்டெபிலைசர் மட்டும்தான் செய்தோம். எனக்குச் சொந்த ஊர் ராயப்பன்பட்டி. எட்டாம் வகுப்போடு நின்றவள். கணக்கு டீச்சர் எழுந்து விடை சொல்லச் சொல்வார். விடை தெரியும், எழத்தான் முடியாது. அம்மாவுக்கு முதுகுவலி வந்ததும் அதைச் சாக்காக வைத்து நின்றுவிட்டேன். தன்னால்தான் மகள் படிப்பு போனது என்று அம்மா இன்றுவரை வருத்தப்படுகிறார். நானும் இன்றுவரை மறுத்துச் சொல்லவில்லை.

அண்ணன் கம்பத்துக்காரர். மதுரையில் இன்ஜினியரிங் படித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். அந்த வேலை போன கதையை அவர் சொல்லி நான் கேட்கவில்லை. சாலிடரிங் மேசையில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் அக்கம்மாள் கேட்டு வாங்கிய கதை அது. உலகத்தில் யார் யாரோ எழுதிப் பொதுவில் வைத்திருந்த புரோகிராமை எடுத்து, மேலே இருந்த பெயர்களை அழித்துவிட்டுத் தங்கள் பெட்டியில் போட்டு விற்றதாம் அந்தக் கம்பெனி. அழிக்கிற வேலையை அண்ணனிடம் கொடுத்திருக்கிறார்கள்.

"மாட்டேன்னு சொன்னேன். அப்ப வராதேன்னு சொன்னாக. வந்துட்டேன்" என்று அவர் முடித்துக்கொண்டாராம்.

"இதுக்கா ஆத்தா ஒரு மனுசன் மெட்ராச விட்டு வருவாக?" என்று அக்கம்மாள் என்னிடம் கேட்டாள். நான் வழக்கம்போல் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அண்ணன் வந்த இரண்டாவது வருஷம் பட்டறையில் புதிதாக ஒரு பெட்டி செய்ய ஆரம்பித்தோம். காற்றாலை வைப்பதற்கு முன்னால், அந்த இடத்தில் எவ்வளவு காற்று அடிக்கிறது என்று உயரமான கம்பம் நட்டு ஒரு வருஷம் அளப்பார்கள். அந்தக் கணக்கைக் குறித்துவைத்து போன் வழியாக அனுப்புகிற பெட்டி அது. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். உள்ளே லினக்ஸ் என்கிற புரோகிராம் ஓடுகிறது என்று அண்ணன் சொன்னார். நான் காதை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஓடவில்லை. இதை அக்கம்மாள் பார்த்துவிட்டாள். ஒரு மாதம் என்னை "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிட்டாள்.

கோயமுத்தூரில் ஒரு கம்பெனி எங்கள் பெட்டிகளை வாங்கி, ஆண்டிபட்டிப் பக்கம் கொஞ்சம், வெளிநாட்டுக்குக் கொஞ்சம் என்று அனுப்பியது. என் வேலை பேக்கிங். பெட்டியைப் பாலித்தீனில் சுற்றி, தெர்மாகோல் வைத்து, மேலே அரைப்பக்க இங்கிலீஷ் தாள் ஒன்றை மூன்றாக மடித்து வைத்து மூட வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் ஒரு பெட்டியும் வெளியே போகக்கூடாது என்பது அண்ணனின் உத்தரவு. அவர் உத்தரவு என்று போட்டது அது ஒன்றுதான்.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அக்கம்மாள் கேட்டபோது, "தண்ணி படக்கூடாதுன்னு போட்டிருக்கு" என்று சொன்னேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்களைத் தனித்தனியாகத்தான் தெரியும். அவை கூடி நின்று பேசும்போது நானும் அவையும் ஒருவருக்கொருவர் முகம் திருப்பிக்கொள்வோம். ஆனால் அக்கம்மாளுக்கு ஒரெழுத்தும் தெரியாது என்பதால் அவள் முன்னால் நான் படித்தவள். ஒரு வருஷம் இப்படி ஓடியது. பிறகு ஒருநாள், தாள் வைக்காமல் நான் மூடிவிட்ட ஒரு பெட்டியை அண்ணன் பிரிக்கச் சொன்னார்.

"இருக்கட்டும்ணே. தண்ணி படக்கூடாதுங்கறது எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதான" என்று அக்கம்மாள் எனக்காகப் பரிந்து பேசினாள்.

"தண்ணியா? அப்பிடின்னு யாரு சொன்னா?"

அக்கம்மாள் என்னைப் பார்த்தாள். நான் தெர்மாகோலைப் பார்த்தேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். "இந்தப் பெட்டிக்குள்ள ஓடுறத நான் மட்டும் எழுதல. ஆயிரக்கணக்கான பேரு எழுதிச் சும்மா குடுத்தது. நான் அதுல நமக்குத் தக்கன கொஞ்சம் மாத்தியிருக்கேன். சும்மா குடுத்தவுக ஒரே ஒரு கண்டிசன் போட்டிருக்காக. பெட்டிய வாங்குனவுக யாராவது வந்து, இதுக்குள்ள இருக்கறத எப்பிடி எழுதுனீக, காட்டுங்கன்னு கேட்டா, மறைக்காமக் குடுத்துறணும். அதுக்குப் பேரு சோர்ஸ். மூணு வருசத்துக்குள்ள கேட்டாத் தருவோம்னு நாம எழுதிக் குடுக்குற வாக்குதான் இந்தத் தாளு. குடுக்கலைன்னா அப்புறம் அந்தப் புரோகிராமத் தொடவே நமக்கு உரிமையில்ல. பெட்டியும் விக்க முடியாது."

எனக்கு இது சட்டென்று புரிந்தது. எங்கள் ஊரில் புதிதாகத் திராட்சை போடுகிறவர்களுக்குப் பழைய தோட்டத்துக்காரர்கள் கொடிக்குச்சி சும்மா வெட்டிக் கொடுப்பார்கள். வாங்கியவர் தோட்டத்தில் நாளைக்கு யார் வந்து குச்சி கேட்டாலும் அவரும் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லியிருந்தால் அண்ணன் சந்தோஷப்பட்டிருப்பார். வாய்வரை வந்தது. உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "சரிங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

புரிந்துவிட்டது என்ற அந்த நினைப்புதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது. பாதி புரிந்ததை முழுசும் புரிந்ததாக எடுத்துக்கொண்டேன்.

பெட்டிக்குள் இருக்கும் புரோகிராமை அண்ணன் அவ்வப்போது மாற்றுவார். அதற்கு அப்கிரேடு என்று பெயர். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆண்டிபட்டிப் பக்கம் கம்பம் கம்பமாகப் போய்வந்து, "பழச அழிச்சுட்டுப் புதுச ஏத்தியாச்சு" என்பார். ஒவ்வொரு தடவையும் ஒரு நம்பர். ஒன்று, ஒன்று புள்ளி ஒன்று என்று ஆரம்பித்து, 2008 செப்டம்பரில் இரண்டு புள்ளி ஐந்து வரை வந்திருந்தது. நம்பர் மாறும்போதெல்லாம் அந்த வெர்ஷனின் சோர்ஸை இரண்டு சிடியில் எழுதி, மார்க்கர் பேனாவால் நம்பர் போட்டு, மேல் அலமாரியில் இரண்டு வட்ட டப்பாக்களில் டப்பாவுக்கு ஒன்றாகப் போட்டுவைப்பார்.

அந்த வருஷம் நோன்புப் பெருநாளும் ஆயுத பூஜையும் ஒரு வாரத்துக்குள் வந்தன. பெருநாளுக்கு முதலாளி வெள்ளையடிக்க வேண்டும். பூஜைக்கு அக்கம்மாளும் மற்றவர்களும் கழுவித் துடைக்க வேண்டும். ரெண்டையும் ஒரே துடைப்பத்தில் முடித்துவிடலாம் என்றார் முதலாளி. துடைப்பத்தைப் பிடித்தவள் மாதா கோயில்காரியான நான். அண்ணன் ஆண்டிபட்டிப் பக்கம் போயிருந்தார்.

"மேல் அலமாரில கெடக்குற பழசயெல்லாம் கழிச்சு விட்ரும்மா. ஸ்டெபிலைசர் காலத்துக் குப்பையெல்லாம் அங்கனதான் கெடக்கு" என்றார் முதலாளி.

ஸ்டூல் போட்டு ஏறினேன். டப்பாக்களைத் திறந்தேன். வேறு யாராவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே குப்பையில் கொட்டியிருப்பார்கள். நான் படித்தவள் அல்லவா? ஒவ்வொன்றாக எடுத்து நம்பரைப் பார்த்தேன். இப்போது ஓடுவது இரண்டு புள்ளி ஐந்து. மற்றவையெல்லாம் பழசு. பெட்டிக்குள் இருக்கிற பழசையே அழித்துவிட்டு வருகிற மனிதருக்குப் பழைய சிடி எதற்கு? போன வருஷ காலண்டரை யாராவது பத்திரப்படுத்துவார்களா? இரண்டு புள்ளி ஐந்து என்று எழுதிய இரண்டை மட்டும் முந்தானையால் துடைத்து, புது உறைகளில் போட்டு, சாமி படம் வைப்பதுபோல அலமாரியின் நடுவில் நிறுத்தினேன். மீதி முப்பத்திரண்டு. அதில் பாதி, எழுதும்போதே கெட்டுப்போய் நம்பர் போடாமல் கிடந்தவை. மறு பாதிதான் எட்டு வெர்ஷன்களின் சோர்ஸ். அது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

முப்பத்திரண்டையும் டப்பாக்களோடு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் வீட்டுக்காரர் பங்கிராஸ் அரை ஏக்கரில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறார். பழம் கறுக்க ஆரம்பித்ததும் கிளியும் மைனாவும் வந்துவிடும். சிடியைக் கட்டித் தொங்கவிட்டால் வெயிலில் மின்னி, பறவை பயந்து ஓடும் என்று ஊரில் பேச்சு இருந்தது. ஆனால் எங்கள் தெருவில் யாரிடமும் ஒன்றிரண்டுக்கு மேல் இல்லை. நான் முப்பத்திரண்டு கொண்டுவந்தேன்.

"ஏ அருளு, ஒங் கம்பெனியில சும்மாவா குடுத்தாக?" என்று பக்கத்துத் தோட்டத்து மொக்கைச்சாமி வாயைப் பிளந்தார்.

"அங்கன கெடக்குது மாமா" என்றேன், ஏதோ பெங்களூரில் பாதி எனக்குச் சொந்தம் என்பதுபோல. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். மொக்கைச்சாமிக்கு நாலு. கோம்பையிலிருந்து வந்த நாத்தனார் வீட்டுக்காரருக்கு, வண்டிக்குப் பின்னால் ஒட்ட, மூன்று. மீதியைத் தூண்டில் நரம்பில் கோத்து எங்கள் பந்தலில் தொங்கவிட்டோம். வாழ்க்கையில் முதல்தடவையாக ஊரில் நாலு பேர் என்னைப் பற்றிப் பேசினார்கள்.

அண்ணன் திரும்பி வந்து அலமாரியை அண்ணாந்து பார்த்தார். சுத்தமாக இருந்தது. "நல்லாருக்கு" என்றார். ஏறிப் பார்க்கவில்லை. ஐப்பசியில் ஒரு சாயங்காலம் இடி இறங்கி, பட்டறைக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் கருகியது. முதலாளி தலையில் கைவைத்தார். அண்ணன் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "இப்ப ஓடுறது என் லேப்டாப்புல இருக்கு மாமு. பழசுக்குச் சிடி இருக்கு" என்றார். நான் சிடி என்ற சொல்லைக் கேட்டேன். ரெண்டு புள்ளி ஐந்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, அதைப் பத்திரப்படுத்திய என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

2009 பிப்ரவரியில் போலந்து நாட்டிலிருந்து ஒரு மெயில் வந்தது. கோயமுத்தூர்க்காரர்கள் அனுப்பிய எங்கள் பெட்டி ஒன்று அங்கே ஒரு பண்ணையில் இருக்கிறதாம். பண்ணைக்காரர் எழுதியிருந்தார். பெட்டியோடு வந்த தாளில் தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள், இதில் இருக்கும் வெர்ஷன் இரண்டு புள்ளி மூன்று, அதன் சோர்ஸ் வேண்டும் என்று.

அண்ணனின் முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூன்று வருஷமாகத் தாள் வைத்தனுப்பி, முதல்தடவையாக ஒருவர் அதைப் படித்திருக்கிறார். பெருநாள் காசு வாங்கிய பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஏறினார். டப்பாக்களைத் தேடினார். இறங்கினார். மறுபடியும் ஏறினார்.

"மாமு, டப்பா எங்க?"

"எந்த டப்பா?"

நான் தெர்மாகோல் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தி அப்படியே நின்றது. எனக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தடவை முழுசாக.

அடுத்த நாலு நாள் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒன்றுமே செய்யவில்லை. போலந்துக்காரர் கோயமுத்தூர்க் கம்பெனிக்கும் எழுதியிருந்தார். பதினைந்து நாளுக்குள் சோர்ஸ் கொடுக்காவிட்டால் இனிப் பெட்டி எடுக்க மாட்டோம் என்று அவர்கள் முதலாளிக்குப் போன் செய்தார்கள். பெட்டி நின்றால் பட்டறையில் பதினாலு பெண்களுக்கு வேலை இல்லை. ஸ்டெபிலைசரை அப்போது யாரும் கேட்பதில்லை. இவ்வளவும் தெரிந்தும், காலையில் பஸ்ஸில் ஏறியதிலிருந்து உத்தமபாளையம் வரை மனசுக்குள் ஒத்திகை பார்ப்பேன். "அண்ணே, அந்தச் சிடிய நாந்தான்..." ஒவ்வொரு நாளும் அனுமந்தன்பட்டி தாண்டுவதற்குள் அந்த வாக்கியம் நன்றாகவே வந்துவிடும். பஸ்ஸை விட்டு இறங்கினால் போய்விடும்.

நாலாம் நாள் முதலாளி பொறுமை இழந்தார். பட்டறை நடுவில், எங்கள் எல்லோர் முன்னாலும் வைத்து.

"ஏப்பா பரீது, ரெண்டு புள்ளி அஞ்சுதான் கையில இருக்குல்ல? அதைக் குடுத்து விட்ரு. போலந்துல ஒக்காந்திருக்கவனுக்கு மூணு எது, அஞ்சு எதுன்னு என்ன தெரியும்?"

"அவரு பெட்டில இருக்கறது மூணு மாமு. அஞ்சைக் குடுத்தா அது வேற. அவரு பெட்டிக்குள்ள இருக்கறதுக்கு எது சோர்ஸோ அதத்தான் குடுக்கணும். அதத்தான் தாள்ல எழுதியிருக்கோம்."

"கிட்டத்தட்ட ஒண்ணுதான?"

"கிட்டத்தட்டன்னு தாள்ல எழுதல."

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அந்த டப்பா எப்பிடிப் போச்சு? ரக்கை மொளச்சுப் பறந்துருச்சா? போன மாசம் பெங்களூர்லேருந்து ஒருத்தன் ஒனக்குப் போன் போட்டான்ல. வேலைக்குக் கூப்புடுறான்னு நீதான சொன்ன. கையோட சீதனமாத் தூக்கிக் குடுத்துட்டியா?"

சென்னையில் பெயர்களை அழிக்க மாட்டேன் என்று வேலையை விட்ட மனிதர், சொந்தத் தாய்மாமன் வாயால் திருடன் என்று கேட்டுக்கொண்டு நின்றார். இப்போது பேசாவிட்டால் எப்போது பேசுவது? நான் எழுந்தேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன்.

"டீ சொல்லட்டுமா?" என்றேன்.

சத்தியமாக அதுதான் வந்தது. பதினாறு டீ சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

மறுநாள் வாயை நம்பக்கூடாது என்று முடிவெடுத்தேன். விடிந்ததும் தோட்டத்துக்குப் போய் ஒரு சிடியை நரம்போடு அறுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பட்டறையில் அண்ணன் மட்டும் இருந்தார். அவர் மேசையில் அதை வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். அவர் எடுத்தார். கொடிக்கு மருந்தாகத் துத்தம் அடித்த நீலக் கறை படிந்திருந்தது. சாய்த்துப் பிடித்து நம்பரைப் படித்தார்.

"ஒண்ணு புள்ளி ரெண்டு. இது எங்கன இருந்துச்சு?"

"பந்தல்ல."

"எந்தப் பந்தல்ல?"

"திராட்சைப் பந்தல்லண்ணே. எங்க பந்தல்ல. நாந்தான் எடுத்துட்டுப் போனேன். பழசுன்னு நெனச்சு... அஞ்சை மட்டும் எடுத்து வச்சுட்டேன்." அத்தனை வருஷத்தில் அவரிடம் நான் சேர்ந்தாற்போல் பேசியது அவ்வளவுதான்.

அண்ணன் சிடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்புறம் கிளி வரலையா?"

"வந்துச்சுண்ணே. முந்தி விடக் கூடத்தான் வந்துச்சு."

அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்பை எடுத்தேன். தோள் குலுங்கிய விதத்தைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

முதலாளி வந்ததும் அண்ணனே சொன்னார். முதலாளி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சுவரைப் பார்த்தபடி, "கழிச்சு விடச் சொன்னது நாந்தான்" என்றார். பிறகு மருமகனிடம், "நேத்துச் சொன்னத மனசுல வைக்காதய்யா" என்றார்.

"ரெண்டு காப்பியையும் ஒரே அலமாரில வச்ச முட்டாள் நான்தான மாமு" என்றார் அண்ணன்.

ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் பெரிய பங்கு யாருடையது என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வருவதற்குள் அண்ணனின் பைக் எங்கள் தோட்டத்தில் நின்றது. பங்கிராஸ் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, ஏதோ தானே பட்டறையைக் கொள்ளையடித்ததுபோல் கைகட்டி நின்றார். பந்தல் தலை உயரம்தான். அண்ணன் அண்ணாந்தபடி வரிசை வரிசையாக நடந்தார். கிளிகள் அவர் தலைக்கு மேலேயே உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தன. ஒரு சிடியின் மேல் ஒரு மைனா எச்சமிட்டிருந்தது. அதையும் துடைத்துப் படித்தார்.

மொக்கைச்சாமி வரப்பில் நின்று கத்தினார். "என்னா தம்பி, படம் எதும் ஓடுதா?"

இரண்டு புள்ளி மூன்று என்று எழுதிய சிடி ஒன்று கிடைத்தது. கிழக்கு மூலையில், நாள் முழுக்க வெயில் படுகிற இடத்தில். அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்தார். பச்சையாக இருக்க வேண்டிய அடிப்பக்கம் கண்ணாடி போல் வெளுத்திருந்தது. லேப்டாப்பில் போட்டார். உள்ளே போய்ச் சுற்றிவிட்டு, காலி என்று வெளியே தள்ளியது.

"இன்னொண்ணு இருக்கணும்" என்றார்.

எங்கள் பந்தலில் இல்லை. கோம்பைக்குப் போன் செய்தோம். நாத்தனார் வீட்டுக்காரர் வண்டியில் ஒட்டியவை நம்பர் இல்லாத, கெட்டுப்போன சிடிகள். மொக்கைச்சாமியிடம் கேட்டேன்.

"ரெண்டு பந்தல்ல கெடக்கு. ஒண்ணு காத்துல போச்சு. ஒண்ணு மோட்டார் ரூம்ல இருக்கு. ஆனா அதக் கேக்காதீக."

"ஏன் மாமா?"

"அதப் பாத்துத்தான் நான் சவரம் பண்றேன்."

மோட்டார் ரூமுக்குள் இருட்டு. சுவரில் ஆணியடித்து, நடு ஓட்டையில் மாட்டியிருந்தார். வெயில் படவே இல்லை. சோப்பு நுரை மட்டும் காய்ந்திருந்தது. அண்ணன் அதைக் கழற்றித் திருப்பினார். இரண்டு புள்ளி மூன்று.

"யோவ் தம்பி, எங் கண்ணாடி!"

"ஆளுயரக் கண்ணாடியே வாங்கித் தாறேங்கய்யா."

"எனக்கு எதுக்கு ஆளுயரம்? மூஞ்சி மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றார் மொக்கைச்சாமி. ஆனாலும் விடவில்லை. வேறொரு சிடியைக் கொண்டுவந்து அதே ஆணியில் மாட்டிய பிறகுதான் வெளியே விட்டார்.

மறுநாள் பட்டறையில் யாரும் வேலை பார்க்கவில்லை. முதல் கம்ப்யூட்டர் அந்தச் சிடியைப் பாதி படித்துவிட்டுப் பல்லி மாதிரி 'டிக் டிக்' என்றது. இரண்டாவது, சிடி போட்டதே தெரியாது என்று சாதித்தது. மூன்றாவது, பக்கத்து பிரவுசிங் சென்டரிலிருந்து தூக்கிவந்தது. அது நின்று நின்று, திணறித் திணறி, மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் படித்து முடித்தது. அக்கம்மாள் கைதட்டினாள்.

அண்ணன் உடனே அனுப்பவில்லை. அதிலிருந்து மறுபடியும் புரோகிராமைச் செய்து, வெளியே அனுப்பியதோடு ஒத்துப்போகிறதா என்று இரண்டு நாள் சரிபார்த்தார். ஒத்துப்போன பிறகு, தபாலிலும் மெயிலிலும் அனுப்பினார். கொடுத்த கெடுவுக்கு மூன்று நாள் பாக்கி இருந்தது. போலந்துக்காரர் கிடைத்தது, நன்றி என்று இரண்டு வரி எழுதினார். கோயமுத்தூர்க் கம்பெனி மறுபடியும் பெட்டி எடுத்தது. பதினாலு பேரும் வேலையில் இருந்தோம்.

அத்தோடு விட்டிருக்கலாம். தோட்டத்திலிருந்து திரும்பிய மற்றச் சிடிகளையும் அண்ணன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். இரண்டு புள்ளி ஒன்றும் இரண்டு புள்ளி நான்கும் பிழைத்தன. மற்ற ஐந்து வெர்ஷன்களும் போய்விட்டன. அந்த வெர்ஷன் உள்ள பெட்டிகள் யார் யாரிடம் இருக்கின்றனவோ அவர்களுக்கெல்லாம் கடிதம் எழுத உட்கார்ந்தார். உங்கள் பெட்டியில் இருப்பதன் சோர்ஸ் எங்களிடம் இல்லை, தவறு எங்களுடையது, சோர்ஸோடு சேர்த்துப் புது வெர்ஷனை அனுப்புகிறோம், அப்கிரேடு செய்துகொள்ளுங்கள் என்று.

"கேக்காதவன்கிட்டப் போய் ஏன்டா சொல்ற?" என்றார் முதலாளி.

"கேட்டாத் தருவோம்னு வாக்குக் குடுத்திருக்கோம் மாமு. தர முடியாதுன்னு ஆனப்பறம் கேக்கட்டும்னு காத்திருந்தா, அது ஏமாத்து."

எப்படித் தொலைந்தது என்று எழுதுவீர்களா என்று நான் கேட்டேன். ஆமாம், நானே கேட்டேன். கடிதத்தில் என் பெயரும் கிளியும் வந்து, வெளிநாட்டுக்காரர்களெல்லாம் சிரிப்பார்களோ என்ற பயம்.

"கவனக்குறைவுன்னு போட்டிருக்கேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்குள் நான், பங்கிராஸ், முதலாளி, ஒரு துடைப்பம், முப்பத்திரண்டு சிடி எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம்.

கடிதங்களை உறையில் போட்டு ஒட்டும் வேலையை என்னிடம்தான் கொடுத்தார். கூடவே ஒரு இரும்பு பீரோவின் சாவியையும். இனி எந்த வெர்ஷன் வந்தாலும் அதன் சிடி ஒன்று இந்த பீரோவில், இன்னொன்று கம்பத்தில் அவர் வீட்டில். பட்டறையில் எதையும் கழித்துவிடுவதாக இருந்தால் என்னைக் கேட்க வேண்டும். இத்தனை பேர் இருக்க என்னிடம் ஏன் என்று அக்கம்மாள் கேட்டாள்.

"தொலைச்ச ஆளுக்குத்தான் அருமை தெரியும்" என்றார் முதலாளி.

இது 2010 ஆகஸ்ட். பெட்டி இப்போது மூன்று புள்ளி ஒன்றில் ஓடுகிறது. சேக் பரீத் அண்ணன் பெங்களூருக்குப் போகவில்லை, இங்கேதான் இருக்கிறார். போலந்துக்காரருக்குப் பிறகு சோர்ஸ் கேட்டு இதுவரை மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். மூவருக்கும் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒன்று, ஒன்று புள்ளி ஒன்று, ஒன்று புள்ளி இரண்டு, இரண்டு, இரண்டு புள்ளி இரண்டு ஆகிய ஐந்தும் எங்களிடம் இல்லை. யாராவது கேட்டால் இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டும். இன்னும் யாரும் கேட்கவில்லை.